இழந்த பத்து நிமிடங்கள்

நெடுந்தூர டிரையத்லான் பந்தயங்களில் பெயர் பெற்றது அயர்ன்மேன். முதலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், பிறகு 180 கிலோமீட்டர் சைக்கிள், கடைசியாக 42.2 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் ஒரே நாளில், பெரும்பாலான இடங்களில் 17 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். இதற்குப் பல மாதங்கள் பயிற்சி எடுப்பவர்கள் எந்த வாரம் எவ்வளவு நீந்துவது, எவ்வளவு மிதிப்பது, எவ்வளவு ஓடுவது என்று அட்டவணை போட்டுக்கொள்கிறார்கள். அந்த அட்டவணையில் எழுதவே முடியாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று அன்றைய வானிலை, மற்றொன்று சைக்கிளில் வரும் கோளாறு. காலையில் அமைதியாக இருந்த ஏரி ஒரு மணி நேரத்தில் கொந்தளிக்கலாம். நூறாவது கிலோமீட்டரில் டயர் பஞ்சராகலாம். இப்படிப்பட்ட நாளில் பந்தயத்தை முடித்து வருபவர்களைப் பாராட்டும்போது, எவ்வளவு வலியைத் தாங்கினார்கள் என்றே நாம் பேசுகிறோம். இந்தப் பந்தயத்தின் வரலாறும் அதன் கணக்கும் காட்டும் விடாமுயற்சி வேறு வகையானது. நிலைமை மாறியவுடன் திட்டத்தையும் மாற்றிக்கொண்டு, போன நேரத்தைப் போனதாகவே வைத்துவிட்டு, மீதியிருக்கும் தூரத்தை மட்டும் கணக்கில் எடுப்பவரே இதில் நிலைத்து நிற்கிறார்.

பந்தயத்தின் பிறப்பே இதற்குச் சாட்சி. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹுவில் 1978 பிப்ரவரி 18 அன்று முதல் அயர்ன்மேன் நடந்தது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும், அந்தத் தீவில் தனித்தனியாக இருந்த நீச்சல், சைக்கிள், மாரத்தான் வழித்தடங்களை ஒன்றாகக் கோத்து இதை உருவாக்கினார்கள். புறப்பட்டவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடங்களில் முதலாவதாக வந்தார். அடுத்த ஆண்டே வானிலை குறுக்கிட்டது. புயல்காற்றால் கடல் பொங்கியது. பந்தயத்தை ஒரு நாள் தள்ளி வைத்தார்கள். பலர் பின்வாங்க, மறுபடி 15 பேரே களமிறங்கினார்கள். 1980இலும் கடல் அடங்கவில்லை என்பதால் நீச்சலை அலை குறைந்த அலா மோவானா பக்கம் மாற்றினார்கள். 1981இல் பந்தயமே ஹவாயின் வேறொரு தீவிலுள்ள கோனா நகருக்கு இடம்பெயர்ந்தது. ‘இரும்பு மனிதர்’ என்று பெயர் வைத்த பந்தயத்திலேயே, முதல் மூன்று தடவைகளுக்குள் ஒரு தடவை நாளையும் ஒரு தடவை இடத்தையும் மாற்றியிருக்கிறார்கள். இயற்கை வழிவிடாதபோது திட்டத்தைத் திருத்துவது இந்தப் பந்தயத்துக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பலவீனம் அல்ல; தொடக்கத்திலிருந்தே அதன் இயல்பு.

வானிலை ஒரு வீரரை எப்படித் தாக்குகிறது என்று தெரிந்தால், திருத்தம் ஏன் தேவை என்பது விளங்கும். தண்ணீர் உடலின் வெப்பத்தைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு விரைவாக உறிஞ்சிக் கடத்தும். அதனால்தான் குளிர்ந்த நீரில் வெட்சூட் எனப்படும் ரப்பர் உடையை அணிகிறார்கள். நீரிலிருந்து நனைந்த உடலோடு எழுந்து, மழையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்டினால் குளிர் இன்னும் கடுமையாகும். உடல் தன் மையச் சூட்டைக் காப்பாற்றுவதற்காகக் கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. முதலில் விரல்கள் மரத்துப்போகின்றன. பிரேக்கைப் பிடிக்கவும், கியர் மாற்றவும், தின்பண்டப் பொட்டலத்தைப் பிரிக்கவும் முடியாமல் போகிறது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அது மருத்துவ ஆபத்து. நடுக்கம், பேச்சில் குழறல், பிறகு மனக்குழப்பம் என்று அது முற்றும். இதில் கவனிக்க வேண்டியது, உடலோடு சேர்ந்து புத்தியும் தளர்கிறது என்பதுதான். ‘இன்னும் கொஞ்ச தூரம் தாங்குவேன்’ என்று தோன்றும் அந்த வேளையில், தாங்க முடியுமா என்று எடைபோடும் ஆற்றலையே குளிர் பறித்துவிட்டிருக்கும். வெயில் நாளிலும் இதே கதைதான். கோனாவில் கறுத்த எரிமலைப் பாறைகளுக்கு நடுவே போகும் நெடுஞ்சாலையில் உடல் கொதித்து, தலைசுற்றி, எவ்வளவு தண்ணீர் குடித்தோம் என்ற நினைவே தப்பிப்போகும்.

காற்றின் கணக்கு இன்னும் சுவாரசியமானது. போகும்போது எதிர்காற்று அடித்தால், திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், ஆக மொத்தம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சரியாகாது. காற்றில்லாத நாளில் ஒருவர் மணிக்கு 32.5 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 180 கிலோமீட்டரை 5 மணி 32 நிமிடங்களில் முடிப்பார். காற்றடிக்கும் நாளில் போகும் 90 கிலோமீட்டரை 25 கிலோமீட்டர் வேகத்திலும், வரும் 90 கிலோமீட்டரை 40 கிலோமீட்டர் வேகத்திலும் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வேகங்களின் சராசரி அதே 32.5 தான். ஆனால் போவதற்கு 3 மணி 36 நிமிடம், வருவதற்கு 2 மணி 15 நிமிடம், மொத்தம் 5 மணி 51 நிமிடம் ஆகிறது. எதிர்காற்றில் கழியும் நேரம் அதிகம் என்பதால், அங்கே இழந்ததில் 19 நிமிடங்களைப் பின்காற்று திருப்பித் தருவதில்லை. இதை முன்கூட்டியே அறிந்தவர் வேகமானியைப் பார்த்துப் பதற மாட்டார். தன் உழைப்பின் அளவை மாற்றாமல், காற்று விடும் வேகத்தில் போவார். அறியாதவர் வேகத்தை விட்டுக்கொடுக்க மனமின்றி மிதித்து, ஓட்டத்துக்கு வைத்திருந்த பலத்தை எதிர்காற்றுக்குக் கொடுத்துவிடுவார்.

சைக்கிள் கோளாறுக்கும் இந்தக் கணக்குதான். ஒருவர் 180 கிலோமீட்டரை மணிக்கு 30 வீதம் ஆறு மணி நேரத்தில் முடிக்கத் திட்டமிடுகிறார். அறுபதாவது கிலோமீட்டரில் பஞ்சர். சரிசெய்வதற்குள் 10 நிமிடம் போய்விட்டது. அந்த நேரத்தைப் பிடித்தே தீருவேன் என்று கிளம்பினால், மீதி 120 கிலோமீட்டரை 3 மணி 50 நிமிடங்களில் முடிக்க வேண்டும். அதாவது மணிக்கு 31.3 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே மேல், பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் காற்றைக் கிழித்துச் செல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் நூற்றுக்கு நான்கு கூடினால், திறன் நூற்றுக்குப் பதின்மூன்று அளவுக்குக் கூட வேண்டியிருக்கும். கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் இப்படிக் கூடுதலாக உழைத்த கால்கள், அதற்குமேல் ஒரு முழு மாரத்தான் ஓட வேண்டும். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்று ஓடக்கூடியவர் களைத்துப்போய் 11 நிமிடம் என்று நடக்கத் தொடங்கினால், பத்து கிலோமீட்டர் நடையிலேயே 40 நிமிடம் போகும். பத்து நிமிடத்தைத் துரத்தியவர் நாற்பதை இழப்பது இப்படித்தான். 13 மணி நேரம் நீளும் ஒரு நாளில் பத்து நிமிடம் என்பது நூற்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். நேரம் போனதால் வரும் நட்டம் சிறியது. அதை மீட்கும் ஆவேசத்தால் வரும் நட்டம் பெரியது.

உலகின் தலைசிறந்த வீரர்களுக்கும் பஞ்சர் விதிவிலக்கு தரவில்லை. ஜெர்மனியின் நார்மன் ஷ்டாட்லர் 2004இல் கோனாவில் உலகச் சாம்பியன் ஆனவர். மறு ஆண்டு பட்டத்தைக் காக்க வந்தபோது டயர் காற்றிழந்தது. அவருடையது ரிம்மோடு பசை போட்டு ஒட்டும் வகை டயர். பசை அளவுக்கு மிஞ்சி இறுகியிருந்ததால் அதைப் பிய்த்தெடுக்கவே முடியவில்லை. சாலையோரத்தில் கண்ணீரோடு அவருடைய பந்தயம் முடிந்தது. 2008இல் அதே கோனாவில் இங்கிலாந்தின் கிறிஸ்ஸி வெலிங்டன் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது பஞ்சர் ஆனது. டியூபை நிரப்ப அவர் வைத்திருந்தது கார்பன் டை ஆக்சைடு அடைத்த சிறு குப்பிகள். அவை சில நொடிகளில் டயரை நிரப்பக்கூடியவை. ஆனால் குப்பியின் வாய் சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு முழுவதும் வெளியே சீறிப்போகும், மறுபடி முயல வழியில்லை. அவருக்குக் குப்பிகள் பயன்படாமல் போயின. போட்டியாளர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போக, ஏறத்தாழ பத்து நிமிடம் சாலையோரத்தில் நின்றார். கடைசியில் ஆஸ்திரேலிய வீராங்கனை ரெபெக்கா கீட் தன்னிடமிருந்த ஒரு குப்பியைப் போகிற போக்கில் கொடுத்தார். வெலிங்டன் மீண்டும் ஏறி, மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் ஓடி, அன்று வென்றும் விட்டார்.

வெலிங்டனின் வெற்றியை வைத்தே ஒரு மறுப்பு எழும். அவர் இழந்த நேரத்தைத் துரத்தித்தானே பிடித்தார், அப்படியிருக்க மற்றவர்களுக்கு மட்டும் துரத்தாதே என்று சொல்வது நியாயமா என்று கேட்கலாம். விடை அன்றைய முடிவிலேயே இருக்கிறது. இரண்டாவதாக வந்தவரைவிட அவர் கிட்டத்தட்ட 15 நிமிடம் முன்னால் முடித்தார். பத்து நிமிடத்தைச் சாலையோரத்தில் விட்ட பிறகும் இவ்வளவு இடைவெளி எஞ்சுமளவுக்கு அவரிடம் பலம் மிச்சம் இருந்தது. தன் பலத்துக்குள் நின்றே அவரால் முந்த முடிந்தது. பந்தயத்தை முடித்தாலே போதும் என்று வரும் பெரும்பாலானவர்களிடம் அந்த மிச்சம் கிடையாது. அவர்களுக்கு அந்த நாள் தரும் பாடம் வேறு. குப்பியை மட்டும் நம்பாமல் கைப்பம்பும் வைத்திருக்க வேண்டும். டியூப் மாற்றுவதை வீட்டிலேயே திரும்பத் திரும்பப் பழக வேண்டும், அதுவும் கையை ஐஸ் தண்ணீரில் நனைத்துக்கொண்டு பழகினால் இன்னும் நல்லது. செயின் அறுந்தால் இணைக்க ஒரு இணைப்புக் கண்ணி, திருகாணிகளை முடுக்க ஒரு சிறு சாவிக் கொத்து, டயர் கிழிந்தால் உள்ளே வைக்க ஒரு துண்டு ரப்பர் என்று இவை எல்லாம் சேர்ந்தே ஒரு கைப்பிடி அளவுதான் இருக்கும். பின் கியரைத் தாங்கும் சிறு கொக்கியை ஃபிரேமைவிட மென்மையான உலோகத்தில் செய்வதற்குக் காரணம், விழும்போது அது வளைந்தோ உடைந்தோ ஃபிரேமைக் காப்பாற்ற வேண்டும் என்பதே. அந்தக் கொக்கியில் இன்னொன்றைக் கையில் வைத்திருப்பவருக்கு அது ஒரு சிறு தடங்கல்; இல்லாதவருக்குப் பந்தயமே அங்கே முடிந்தது. நெருக்கடியில் வெளிப்படும் மன உறுதியின் பெரும்பகுதி, முந்தின வாரம் பையில் எடுத்து வைத்த சாமான்களில் இருக்கிறது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மனிதர்களை இந்தப் பந்தயத்தின் பக்கம் இழுத்தது கணக்கும் எச்சரிக்கையும் அல்ல, எல்லை மீறிய பிடிவாதம்தான் என்பது அது. 1982 பிப்ரவரியில் மாணவி ஜூலி மாஸ் கோனாவில் முதலிடத்தில் ஓடி வந்தார். முடிவுக்கோட்டை நெருங்கும்போது கால்கள் மடிந்து சாய்ந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். கடைசிச் சில அடிகளில் கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து வென்றார். மாஸ் கைகளை ஊன்றித் தவழ்ந்து கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சியில் அதைக் கண்டு உருகிப் பலர் இந்தப் பந்தயத்துக்கு வந்தார்கள் என்பது மறுக்க முடியாத உண்மை. அந்தக் காட்சியின் மேன்மையைக் குறைக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அவர் தவழ்ந்த இடம் எது என்று பார்க்க வேண்டும். முடிவுக்கோடு கண்ணெதிரே, மருத்துவர்கள் கைக்கெட்டும் தூரத்தில், சுற்றிலும் ஆட்கள். அதே பிடிவாதத்தை ஆழமான நீரின் நடுவில், அல்லது மழையில் வழுக்கும் மலையிறக்கத்தில் காட்டினால் விளைவு வேறாக இருக்கும். அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 2017இல் வெளியான ஆய்வு, 1985 முதல் 2016 வரை அந்நாட்டு டிரையத்லான்களில் நேர்ந்த மரணங்களையும், இதயத் துடிப்பு நின்று மீட்கப்பட்ட நிகழ்வுகளையும் தொகுத்தது. மொத்தம் 135 நிகழ்வுகள். அவற்றில் 90 நீச்சலின்போது நேர்ந்தவை. சாலையில் மயங்குபவரை யாராவது உடனே பார்ப்பார்கள். நீரில் மூழ்குபவரைப் பார்ப்பதும் எட்டுவதும் அத்தனை எளிதல்ல. ஆகவே பிடிவாதம் எங்கே தகும், எங்கே தகாது என்று இடம் பார்த்துப் பிரித்தறிவது வீரத்துக்குக் குறைவில்லை.

அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் யோல் என்ற கடலோர ஊர் இதை இரண்டு முகமாகக் கண்டது. 2019இல் அங்கே நடந்த முதல் அயர்ன்மேனில் வானிலை மோசமாக இருந்ததால் நீச்சலை ரத்து செய்தார்கள். வீரர்கள் கொட்டும் மழையில் சைக்கிளும் ஓட்டமும் மட்டும் முடித்தார்கள். ஓராண்டு உழைத்தவர்களுக்கு அது ஏமாற்றம்தான், மூன்றில் ஒன்று குறைந்தால் அது முழு அயர்ன்மேனா என்ற மனக்குறையும் இருந்திருக்கும். 2023 ஆகஸ்டில் ‘பெட்டி’ என்று பெயரிட்ட புயல் கடந்து போன கையோடு அதே ஊரில் பந்தயம் நடந்தது. அரைத் தூரப் பந்தயத்தின் நீச்சலில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். அன்றைய நிலைமையில் பந்தயத்துக்குத் தாங்கள் அங்கீகாரம் அளிக்கவில்லை என்று அந்நாட்டு டிரையத்லான் கூட்டமைப்பு பின்னர் அறிவித்தது. அதை எப்போது தெரிவித்தார்கள் என்பதில் ஏற்பாட்டாளர்கள் மாறுபட்டார்கள். அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இங்கே நோக்கமல்ல. குறைந்து போன பந்தயத்தின் மனக்குறை சில மாதங்களில் ஆறும், உயிரிழப்பு ஆறாது என்பதை மட்டும் எல்லாரும் ஒப்புக்கொள்ளலாம். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய நாளில் படகைக் கரையேற்றி வைக்கும் மீனவரை நம் கடற்கரையில் யாரும் கோழை என்று சொன்னதில்லை. கடலை அறிந்தவர் என்றுதான் சொல்கிறோம்.

அப்படியானால் எதற்கெடுத்தாலும் விலகிவிடலாமா, எச்சரிக்கை என்ற பெயரில் சோம்பலுக்கு வழி திறக்கிறோமா என்ற கேள்வியும் நியாயமானதே. ஆபத்தையும் ஏமாற்றத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும். உயிருக்கோ உடலுக்கோ கேடு என்றால் நிற்க வேண்டும். நினைத்த நேரம் கிடைக்காது, நினைத்த இடம் கிடைக்காது என்பது மட்டும் காரணமென்றால் தொடர வேண்டும். இரண்டாவது வகைக்கு ஜெர்மனியின் யான் ஃப்ரோடேனோ நல்ல எடுத்துக்காட்டு. 2015, 2016 இரண்டு ஆண்டும் கோனாவில் வென்றவர் அவர். 2017இல் ஓட்டத்தின் தொடக்கத்திலேயே முதுகு பிடித்துக்கொண்டது. வெற்றி கைவிட்டுப் போனது அப்போதே தெரிந்துவிட்டது. அவர் நிலையில் இருக்கும் தொழில்முறை வீரர்கள் பலர் அங்கேயே விலகி, அடுத்த பந்தயத்துக்கு உடலைச் சேமிப்பார்கள். அவர் நடந்தும் ஓடியும் மாரத்தானை முடித்து, 9 மணி 15 நிமிடங்களில் 35ஆவதாக வந்தார். இரண்டு ஆண்டு கழித்து 2019இல் 7 மணி 51 நிமிடங்களில் அந்தத் தடத்தின் சாதனையோடு மறுபடி வென்றார். சாலையோரத்தில் நின்றுபோன ஷ்டாட்லரும் ஒழிந்துபோகவில்லை. அடுத்த ஆண்டே, 2006இல், சைக்கிள் பகுதியை 4 மணி 18 நிமிடங்களில் கடந்து புதிய சாதனை படைத்துப் பட்டத்தை மீட்டார். ஒருவர் இலக்கைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தார், மற்றவர் அன்று விலகி மறு ஆண்டு வந்தார். ஒரு மோசமான நாளைத் தன்மீது எழுதப்பட்ட இறுதித் தீர்ப்பாக இருவருமே எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக ஒரு மறுப்பு. விலையுயர்ந்த சைக்கிளும் வெளிநாட்டுப் பயணமும் கேட்கும் ஒரு விளையாட்டில் சாதாரண வாசகருக்கு என்ன இருக்கிறது? செலவு உண்மைதான், அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் பந்தயம் அத்தனை தொலைவிலும் இல்லை. அரைத் தூர அயர்ன்மேன் 2018இல் கொழும்பிலும் 2019இல் கோவாவிலும் நடந்திருக்கிறது. நம் ஊர்களில் விடியற்காலையில் நீந்தவும் சைக்கிள் மிதிக்கவும் கிளம்புகிறவர்கள் பெருகி வருகிறார்கள். அவர்களுக்கு இங்கே சொல்லியவை நேரடியாகவே உதவும். பந்தயம் பக்கமே போகாதவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. வெள்ளத்தில் விளைச்சலை இழந்தவரும், தேர்வு நாளில் காய்ச்சலில் விழுந்தவரும், தொடங்கிய தொழிலில் பாதி முதலைத் தொலைத்தவரும் அதே கேள்வியைத்தான் சந்திக்கிறார்கள். போனதை ஒரே மூச்சில் பிடித்துவிட வேண்டும் என்ற வெறி அவர்களுக்கும் வருகிறது, வட்டிக்கு வாங்கிக்கூட அதைத் துரத்தச் சொல்கிறது. மீதி இருப்பதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று கணக்குப் போடும் நிதானம் அங்கேயும் காப்பாற்றும்.

ஆகவே அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருப்பவர்கள் மூன்று காரியங்களைப் பந்தயத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பஞ்சர் போடுவதைக் கை மறக்காத அளவுக்குப் பழகுங்கள். நல்ல வானிலைக்கு ஒரு நேரம், காற்றுக்கும் மழைக்கும் இன்னொரு நேரம் என்று இரண்டு திட்டங்களை எழுதிக்கொள்ளுங்கள். எந்த அறிகுறி தெரிந்தால் நிற்பேன் என்பதையும், தலை தெளிவாக இருக்கும்போதே தாளில் எழுதி, உங்களோடு வரும் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். குளிரிலும் களைப்பிலும் புத்தி தடுமாறும் நேரத்தில் அந்தத் தாளே உங்களுக்காகச் சிந்திக்கும். அதில் எழுதிய எதுவும் நடக்காத வரையில், பத்து நிமிடம் போனாலும் ஒரு மணி நேரம் போனாலும், மிதிப்பதை நிறுத்தாதீர்கள்.